கண்ணுக்குள் எண்ணெய்

பரவை மார்க்கெட்டைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் கொஞ்ச தூரம் போனால் இடது பக்கம் ஒரு மண் பாதை இறங்கும். அதன் கடைசியில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று இருக்கிறது. பினாயிலும், லேத் பட்டறைகளில் இரும்பு கடையும்போது சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்ட் எண்ணெயும் அங்கே தயாராகின்றன. கொட்டகை லூர்துராஜுடையது. எதை எதோடு எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்கிறவர் ஜனகராஜ்.

ஜனகராஜுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கிருஷ்ணாபுரம் காலனியில் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். மூன்றாம் வகுப்பிலேயே சோடாப்புட்டிக் கண்ணாடி வந்துவிட்டது. அதைக் கழற்றினால் கரும்பலகை மட்டுமல்ல, அதன் முன்னால் நிற்கும் ஆசிரியரும் கரைந்து போய்விடுவார். வேதியியலில் பட்டம் வாங்கினார். மேலே படிக்க ஆசை இருந்தது, நடக்கவில்லை. ஒரு சோப்புக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே சரக்கு ஏற்றும் பிரிவில் இருந்த லூர்துராஜ், பின்னாளில் சொந்தமாகக் கொட்டகை போட்டபோது முதலில் கூப்பிட்டது இவரைத்தான். "அண்ணே, எனக்கு விக்கத் தெரியும். கலக்கத் தெரியாது. நீங்க வந்தாத்தான் ஆரம்பிப்பேன்" என்றார். இவரும் போனார்.

எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைப்பதுதான் தொழில். கேட்கச் சுலபமாக இருக்கும். பைன் எண்ணெயில் சோப்புச் சரக்கைக் கலந்து தண்ணீரில் விட்டால் வெள்ளை வெளேரென்று பால் மாதிரி வரும், அதுதான் பினாயில். ஆனால் பரவைத் தண்ணீரில் பாலாக நின்ற சரக்கு, உப்புக் கிணறு உள்ள ஊருக்குப் போனதும் திரிந்துவிடும். மேலே எண்ணெய் மஞ்சளாக மிதக்கும், கீழே கலங்கல் தண்ணீர் நிற்கும். கடைக்காரர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் டொக்கென்று வைப்பார்கள். லூர்துராஜ் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்க, ஜனகராஜ் கேனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

உள்ளே ஜன்னலோரம் ஒரு மரத் தாங்கியில் சோதனைக் குழாய்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் ஒரே எண்ணெய், ஒரே தண்ணீர், ஒரே சோப்பு. உப்பு மட்டும் குழாய்க்குக் குழாய் கூடிக்கொண்டே போகும். உப்பு குறைவான குழாயில் சோப்பு தண்ணீர்ப் பக்கம் நிற்கும், அதனால் கீழ்ப் பாதி கலங்கியிருக்கும். உப்பு மிகுந்த குழாயில் சோப்புக்குத் தண்ணீர் பிடிக்காமல் போய் எண்ணெய்ப் பக்கம் சாய்ந்துவிடும், மேல் பாதி கலங்கும். நடுவில் ஏதாவது ஒரு குழாயில் மட்டும் மூன்று அடுக்கு தெரியும். மேலே எண்ணெய், கீழே தண்ணீர், இரண்டுக்கும் நடுவே கண்ணாடிபோலத் தெளிந்த மூன்றாவது ஒன்று. எண்ணெயும் தண்ணீரும் சரிசமமாகச் சோப்போடு குடியிருக்கிற அடுக்கு. அந்தக் குழாயைச் சாய்த்தால் அடுக்குகளின் கோடு சோம்பலாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி நகரும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரித்துவைக்கிற விறைப்பு அங்கே கிட்டத்தட்டச் செத்துப்போயிருக்கும். தகரக் கூரை சூடேறும் மதிய வேளையில் அந்த நடு அடுக்கு காணாமல் போகும், சாயங்காலம் திரும்ப வரும். ஜனகராஜுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சந்தோஷம். வேறு பெரிய சந்தோஷங்களைத் தேடிப் போகிற ஆள் இல்லை அவர்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள், கலக்குகிற ஸ்டிரர் ஓடிக்கொண்டிருந்த டிரம்முக்குள் குனிந்து பார்த்தபோது இடது கண்ணின் ஓரத்தில் யாரோ தீக்குச்சி கிழித்தது போல ஒளி வெட்டியது. திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை. அன்று முழுக்க மிளகைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. கண்ணாடியைக் கழுவினார். மறுநாளும் கழுவினார். வீட்டில் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் காளவாசல் சிக்னலில் வண்டியை நிறுத்தியிருந்தபோது வலது கண்ணில் தூசி விழுந்தது. அதைக் கசக்கிக்கொண்டே இடது கண்ணால் முன்னால் பார்த்தார். ஆட்டோவின் மஞ்சள் கூரை தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. சக்கரமும் இல்லை, சாலையும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ கீழிருந்து ஏறி நின்றது. பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, கடைத் திட்டில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"ரங்கா, நீ கொஞ்சம் காளவாசலுக்கு வாரியா? எனக்கு வண்டி ஓட்ட முடியல."

ரங்கநாயகி ஒரு நர்சரிப் பள்ளியில் ஆசிரியை. ஆட்டோ பிடித்து வந்தாள். ஏன் எதற்கென்று கேட்கவில்லை. நேராகக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

விழித்திரை கழன்றிருந்தது. டாக்டர் பவதாரிணி, அவர்களுடைய மகள் காவ்யஸ்ரீயைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருப்பாள், நிதானமாகச் சொன்னாள். சோடாப்புட்டிக் கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண் உருண்டை நீளமாக இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கிற விழித்திரை இழுபட்டு மெலிந்து ஓட்டை விழும். ஓட்டை வழியே தண்ணீர் புகுந்து, சுவரிலிருந்து காகிதம் உரிவது போல உரிந்துவிடும். இவருக்கு உரிந்ததோடு மடிப்பும் விழ ஆரம்பித்திருந்தது.

"ஆபரேஷன் பண்ணி ஒட்டவச்சிடலாம் சார். ஆனா ஒட்டினது நிக்கணுமில்ல. அதுக்காக உள்ள எண்ணெய் நிரப்புவோம். எண்ணெய் விழித்திரையைச் சுவரோட அழுத்திப் பிடிச்சுக்கும்."

ஜனகராஜ் நிமிர்ந்தார். "என்ன எண்ணெய் மேடம்?"

"சிலிக்கான் எண்ணெய். தேன் மாதிரி கெட்டியா இருக்கும்."

"அது தண்ணியவிட லேசு. மேல வந்து நிக்கும்."

"ஆமா. அதனாலதான் ஆபரேஷனுக்கப்புறம் குப்புறப் படுக்கணும்னு சொல்லுவோம். எண்ணெய் எழும்பிப் பின்பக்கம் போய் அழுத்தும்."

"எம்புட்டு நாள் உள்ள இருக்கும்?"

"சில மாசம். விழித்திரை ஒட்டிக்கிட்டதும் எடுத்துடுவோம். ரொம்ப நாள் விட முடியாது."

ஏன் விட முடியாது என்று அவர் கேட்கவில்லை. வாய்வரை வந்தது. ரங்கநாயகியின் கை அவர் முழங்கையைப் பிடித்திருந்தது. அந்தக் கேள்வியை அவள் முன்னால் கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு அவர் தரையைப் பார்த்தே வாழ்ந்தார். நெற்றிக்குக் கீழே சுருட்டி வைத்த துண்டு, நெஞ்சுக்குக் கீழே தலையணை. சாப்பாடும் குனிந்த தலையோடுதான். வீட்டில் சௌராஷ்டிரத்தில்தான் பேசிக்கொள்வார்கள். ரங்கநாயகி தட்டைத் தரையில் வைத்து, தானும் எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் பார்வைக்குத் தன் கால் விரல்கள் மட்டுமே தெரியும்படி இருந்துகொண்டு, பள்ளியில் நடந்ததையெல்லாம் சொல்வாள். ஒரு குழந்தை பென்சிலை மூக்குக்குள் விட்டுக்கொண்டது. ஒரு குழந்தை இவளையே அம்மா என்று கூப்பிட்டது. அவர் சிரித்தால், "ஆடாதீங்க" என்பாள்.

சித்திரைத் திருவிழா வந்தது. தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை என்று டிவியில் சத்தம் கேட்டது. ரங்கநாயகி டிவிக்கும் அவருக்கும் நடுவில் நின்று, அழகர் எந்த மண்டகப்படிப் பந்தலில் நிற்கிறார், குதிரை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆற்றில் இறங்கும்போது எந்த நிறப் பட்டு என்று கேட்டார். பச்சை என்றாள். தரையிலிருந்த மொசைக் கல்லின் புள்ளிகளைப் பார்த்தபடியே கைகூப்பினார்.

நிமிர அனுமதி கிடைத்த பிறகு அந்தக் கண்ணில் பார்வை கொஞ்சம் வந்தது. தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பது போல இருந்தாலும், ரங்கநாயகியின் சேலை பார்டர் எங்கே முடிகிறது என்று தெரிந்தது. அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பள்ளியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள்.

ஆடி மாதம் பரிசோதனைக்குப் போனபோது பவதாரிணி நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டுக்கொண்டாள்.

"மேல்பாதி நல்லா ஒட்டியிருக்கு. கீழ்ப்பாதியில தழும்பு வளர்ந்து இழுக்குது. நீங்க நிமிர்ந்து நடக்கறப்ப எண்ணெய் மேல நிக்கும், கீழ கொஞ்சம் தண்ணி தேங்கும். அந்த இடத்துக்கு எண்ணெயோட பிடி கிடைக்காது. இப்ப எண்ணெயை எடுத்தா கீழ்ப்பாதி மறுபடி கழண்டுடும்."

"அப்ப இருக்கட்டுமே மேடம்" என்றாள் ரங்கநாயகி.

"இருக்கலாம்மா. ஆனா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு."

இந்த முறை ஜனகராஜ் கேட்டுவிட்டார். "உள்ள சோப்பு இருக்கா மேடம்?"

ரங்கநாயகி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பவதாரிணிக்கு அந்தக் கேள்வி புரிந்தது.

"சோப்பு இல்ல. ஆனா சோப்பு செய்யற வேலையைச் செய்யறது இருக்கு. ரத்தத்திலிருந்து கசியற புரதம் மாதிரி சிலது. அதுங்க எண்ணெய்க்கும் தண்ணிக்கும் நடுவுல போய் உக்காந்துக்கும். அப்புறம் கண் அசையறப்பல்லாம் எண்ணெய் துளித்துளியா உடைய ஆரம்பிக்கும்."

"உடைஞ்சா சேராது."

"சேராது. அதுக்குத்தான் பயப்படறோம். துளிங்க முன்னால வந்து, கண்ணுல தண்ணி வெளிய போற வழியை அடைச்சிடும். பிரஷர் ஏறும்."

அவர் தலையாட்டினார். தலையாட்டியதும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. திரும்ப வேண்டுமானால் உடம்பையே திருப்பினார். கண்ணை மட்டும் ஓட்டிப் பார்ப்பதை விட்டார். பேப்பர் படித்தால் வரிக்கு வரி கண் ஓடும் என்று பேப்பரை நிறுத்தினார். பரவைக்குப் பஸ்ஸில் போனால் குலுங்கும் என்று, லூர்துராஜின் காரில் முன் சீட்டில், கண்ணை மூடிக்கொண்டு போனார். மூடிய இமைக்குள்ளும் கண் அசைந்துகொண்டே இருப்பதை உணர்ந்தபோது அவருக்கு அழுகை வந்தது. அழுதாலும் அசையும்.

"என்னண்ணே, செலை மாதிரி வாரீங்க" என்று கேட்டார் லூர்துராஜ்.

"ஆட்டம்தான் லூர்து உடைக்கும். சோப்பு இருக்கிற எடத்துல சின்ன ஆட்டம் போதும். நாம டிரம்முல பண்றோமில்ல, அதே கதை."

 மேடு பள்ளம் வரும்போதெல்லாம் லூர்துராஜ் வண்டியை மெதுவாக்கினார்.

கொட்டகையில் டயர் பாலிஷுக்காக வாங்கிப்போட்டிருந்த சிலிக்கான் எண்ணெய் ஒரு கேன் மூலையில் கிடந்தது. ஜனகராஜ் அதிலிருந்து கொஞ்சம் எடுத்தார். இரண்டு சின்னக் குழாய்களில் பாதி எண்ணெய், பாதி தண்ணீர். தண்ணீரில் முட்டையின் வெள்ளைக் கருவைத் துளிபோலக் கரைத்திருந்தார். இரண்டையும் இறுக்கி மூடி, ஒன்றை ஜன்னலோரத் தாங்கியில் வைத்தார். இன்னொன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நடக்கும்போதும் உட்காரும்போதும் குனியும்போதும் அது கூடவே இருந்தது. படுக்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

தாங்கியில் இருந்தது அப்படியே இருந்தது. மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவே கத்தியால் கீறியது போலக் கோடு. பையில் இருந்த குழாயில் முதலில் அந்தக் கோடு மங்கியது. பிறகு கோட்டை ஒட்டி மெல்லிய வெள்ளை படிந்தது. அடுத்த வாரத்துக்குள் அந்த வெள்ளை ஒரு விரற்கடைக்கு வளர்ந்துவிட்டது. எவ்வளவு நேரம் நிறுத்திவைத்தாலும் அது எண்ணெயாகவும் தண்ணீராகவும் பிரியவில்லை.

துவைக்கப் போட்ட சட்டையில் அந்தக் குழாயை ரங்கநாயகி கண்டெடுத்தாள். மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, சமையலறையிலிருந்த அவரிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"என்ன இது?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஒரு டெஸ்ட்டு."

"முட்ட நாத்தம் அடிக்குது. நம்ம வீட்டுல முட்டை ஏது?"

"கடையில வாங்கினேன்."

அவள் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுதான் உங்க கண்ணா?" என்றாள்.  அவள் அதைக் கீழே போடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அலமாரியில், மருந்துப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டுப் போய்த் துணி துவைத்தாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அதை எடுத்துப் போனார். பவதாரிணி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கேலி செய்யவில்லை.

"இதேதான் சார் நடக்குது. ஆனா முட்டைக் கரு ரொம்ப வலுவான சரக்கு. உங்க கண்ணுல இவ்வளவு வேகம் இருக்காது."

"நாங்க கொட்டகையில இதப் பிரிக்கணும்ன்டா உப்பப் போடுவோம். இல்லாட்டி ஆசிட்டு. இல்லாட்டி சூடு பண்ணுவோம்."

"தெரியும்."

"கண்ணுல ஏதும் போட முடியாது."

"போட முடியாது சார். நீங்க தலையை ஆட்டாம இருக்கறதும் வேண்டாம். தூங்கறப்பகூட கண் ஓடிக்கிட்டுதான் இருக்கும். அதை யாராலயும் நிறுத்த முடியாது. நீங்க சாதாரணமா இருங்க."

சாதாரணமாக இருப்பது எப்படி என்று அவருக்கு மறந்துபோயிருந்தது. வெளியே வந்ததும் மருந்துக் கடை வாசலில் ஒரு குழந்தை இவரைப் பார்த்துக் கையாட்டியது. திரும்பக் கையாட்டினார், கழுத்தை அசைக்காமல்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட நாட்களில், தெரு விளக்குகளைச் சுற்றி வானவில் வளையம் தெரிய ஆரம்பித்தது. கண்ணுக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் உருண்டன. ஒரு காலையில் சொட்டு மருந்து விடக் குனிந்த ரங்கநாயகி கையை நிறுத்தினாள்.

"கருவிழிக்கு மேல்பக்கம் வெள்ளையா பிறை மாதிரி ஒண்ணு நிக்குது."

"மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா?"

"மேல."

சீழ் என்றால் கீழே தங்கும். எண்ணெய்தான் மேலே மிதக்கும்.  "மருந்த விடு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றார்.

கார்த்திகையில் தலைவலி வந்தது. பாதி முகத்தை யாரோ உள்ளிருந்து பிதுக்குவது போன்ற வலி. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. கண்ணின் அழுத்தம் ஏறியிருந்தது. ஒரு மருந்து, இரண்டாவது மருந்து, மூன்றாவது மருந்து என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். அழுத்தம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. பவதாரிணி இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள். எண்ணெயை விட்டுவைத்தால் அழுத்தம் கண் நரம்பைத் தின்றுவிடும். எடுத்தால், கீழ்ப்பாதி கழலலாம். கழலாமலும் போகலாம்.

"எது நல்லதுன்டு நீங்களே சொல்லுங்க மேடம்" என்றாள் ரங்கநாயகி.

"நல்லது எதுன்னு சொல்ற நிலைமையில இல்லம்மா. ரெண்டுல எது மெதுவா கெடுக்கும்னுதான் பாக்கணும். எடுத்துப் பாக்கலாம்னு எனக்குத் தோணுது. நரம்பு போச்சுன்னா அதுக்கப்புறம் செய்ய ஒண்ணுமில்ல."

ஜனகராஜ் சுவரில் மாட்டியிருந்த கண்ணின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் எல்லாம் தெளிவாக, அதனதன் நிறத்தில், அதனதன் இடத்தில் இருந்தன. "எடுத்துருங்க" என்றார்.

தை பிறந்ததும் எண்ணெயை எடுத்தார்கள். முழுவதும் எடுக்க முடியாது, பொடித் துளிகள் சில ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வலி போய்விட்டது. அழுத்தம் இறங்கியது. கட்டைப் பிரித்த சில நாட்களில், இத்தனை மாதமாக இருந்த அந்தத் தண்ணீருக்கடிப் பார்வையும் விலகியது. மொட்டைமாடியில் நின்று இடது கண்ணால் மட்டும் பார்த்தார். எதிர்வீட்டுக் கம்பியில் காய்ந்த துண்டின் கோடுகள் தெரிந்தன. தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு கீழே இறங்கி வந்து ரங்கநாயகியின் முகத்தை, அவள் கூச்சப்பட்டு விலகும்வரை, அந்த ஒரு கண்ணால் பார்த்தார். நாடிக்குக் கீழே அவளுக்கு ஒரு சின்ன மச்சம் இருப்பதைப் பார்த்து, இது எப்போதிருந்து என்று கேட்டார்.

"கல்யாணத்தப்பவே இருக்கு" என்றாள்.

லூர்துராஜ் பரவை மார்க்கெட்டிலிருந்து ஒரு பை நிறையக் காய்கறியோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். "திங்கக்கெழம வண்டி அனுப்புறேன்ணே, வந்துருங்க. கூலன்ட்டு ரெண்டு தடவ திரிஞ்சு போச்சு. ஆளுக்கு ஒண்ணு சொல்றாய்ங்க" என்றார். ஜனகராஜ் அந்தத் திங்கட்கிழமையே போனார். தண்ணீரை மாற்றியிருக்கிறார்கள், யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்று மதியத்துக்குள் சரிசெய்துவிட்டார். மறுபடியும் பஸ்ஸில் ஏறினார். பேப்பர் படித்தார்.

மாசி மாதத்தில், ஒரு விடுமுறை நாள் காலையில், பல் விளக்கிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது இடது கண்ணில் அவருடைய நெற்றி இல்லை. மேலேயிருந்து கடை ஷட்டரை இறக்குவது போலச் சாம்பல் நிறம் இறங்கியிருந்தது. கண்ணில் படம் தலைகீழாக விழும் என்பது அவருக்குத் தெரியும். மேலே மறைத்தால் கழன்றிருப்பது கீழ்ப்பாதி. வாயைக் கொப்பளித்தார். பிரஷ்ஷைக் கழுவி வைத்தார். ரங்கநாயகி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். அவர் தட்டில் தோசை ஆறிக்கிடந்தது.

"கழண்டுருச்சு" என்றார்.

அவள் கையைக் கழுவப் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பவதாரிணி இன்னொரு மூத்த டாக்டரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். மறுபடி ஆபரேஷன் செய்யலாம், மறுபடி எண்ணெய் வைக்கலாம். ஆனால் விழித்திரை இறுகிச் சுருங்கியிருந்தது, நரம்பும் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. வெளிச்சம் தெரிவதைத் தாண்டிப் பெரிதாகக் கிடைக்காது என்று இருவருமே சொன்னார்கள். அவள் சொல்லும்போது ஜனகராஜைப் பார்த்தே சொன்னாள், மேசையைப் பார்க்கவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

"நான் முதல்லயே வந்திருந்தா?" என்று கேட்டார்.

"மடிப்பு விழறதுக்கு முன்னால வந்திருந்தா கொஞ்சம் வாய்ப்பு அதிகம். ஆனாலும் உங்க கண்ணோட அமைப்பு அப்படி. உறுதியா சொல்ல முடியாது சார்."

அந்தப் பதிலோடுதான் வீட்டுக்கு வந்தார். கோயம்புத்தூரிலிருந்து காவ்யஸ்ரீ ஓடிவந்து ஒரு வாரம் இருந்தாள். சென்னையில் வேறு ஆஸ்பத்திரி இருக்கிறது, ஐதராபாத்தில் இருக்கிறது என்று போனில் தேடிக்கொண்டே இருந்தாள். அவள் தேடட்டும் என்று விட்டார்கள். போகும்போது அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது இடது கண்ணில் பகலும் இரவும் மட்டும் தெரிகின்றன. ஜன்னலைத் திறந்தால் ஏதோ வெளுக்கிறது என்று தெரியும். வேலைக்குப் போகிறார். ஒரு கண்ணால் ஆழம் பிடிபடுவதில்லை. குழாயில் ஊற்றும்போது எண்ணெய் வெளியே சிந்தும். அதற்காகக் குழாயின் வாயில் புனலை முட்டவைத்து, கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஊற்றப் பழகிவிட்டார். டீ கிளாஸை மேசைமேல் வைக்கும்போது சில நேரம் மேசைக்கு முன்னாலேயே விட்டுவிடுகிறார். லூர்துராஜ் இப்போது கண்ணாடிக் கிளாஸை மாற்றி எவர்சில்வர் டம்ளர் வாங்கிவைத்திருக்கிறார், காரணம் எதுவும் சொல்லாமல்.

வலது கண்ணுக்கும் அதே நீளம், அதே மெலிவு. கழலாமலிருக்க ஓரங்களில் லேசர் வைத்திருக்கிறார்கள். "இப்போதைக்கு நல்லா இருக்கு" என்கிறாள் பவதாரிணி ஒவ்வொரு முறையும். அதற்கு மேல் அவளால் சொல்ல முடியாது. இவரும் கேட்பதில்லை.

காலையில் எழுந்ததும் அவர் முதலில் செய்வது, இடது உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் சுற்றிப் பார்ப்பது. அந்தக் கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் மூடுகிறார். மேலே விட்டம், கீழே தரை, ஓரத்தில் கதவு, இந்த ஓரத்தில் ஸ்டூல். பிறகு மூடிய கையை எடுக்காமலே தினசரிக் காலண்டருக்கு எதிரே போய் நின்று, பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை வாசிக்கிறார். போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் நின்றார். ரங்கநாயகி பள்ளிக்குக் கிளம்பி, தோளில் பையோடு வாசலில் நின்றாள்.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

"செவ்வாக்கெழம. ராகு காலம் மூணுலேருந்து நாலரை."

"அதுக்குக் கீழ?"

அவர் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போனார். "சூலம் வடக்கு. பரிகாரம் பால்."

"சரி" என்றாள். பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவர் கையை இறக்கும்வரை நின்றுவிட்டு, செருப்பை மாட்டினாள்.